கப்பலுக்குக் கொடுத்த விலக்கு

நிதியமைச்சராவதற்கு முன்பு அவர் கால்நடை மருத்துவராக இருந்தார். அதனால் சொந்தக் கட்சிக்காரர்கள் அவரை டாக்டரம்மா என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் மாட்டு டாக்டர் என்றார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார். "மாட்டுக்கு வைத்தியம் பாக்கறது கேவலமா? மாடு வலிச்சாத்தான் கத்தும். நீங்க வலிக்கறதுக்கு முன்னாடியே கத்தறீங்க" என்று ஒருமுறை அவையிலேயே சொல்ல, எதிர்வரிசையில் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

அவர் கொண்டுவந்த வரிச் சீர்திருத்த மசோதா படிக்கத்தான் தடிமன், விஷயம் சின்னது. இந்தத் தொழிலுக்கு விலக்கு, அந்தத் தொழிலுக்கு விலக்கு என்று பல காலமாக ஒட்டிக்கொண்டே வந்த சலுகைகளை எல்லாம் எடுத்துவிடுவது; பதிலுக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி, முன்பைவிடக் குறைந்த வரி. அப்படிச் செய்தால் சோப்பு, செருப்பு, பேருந்துச் சீட்டு என்று சாதாரண மக்கள் தினமும் கொடுக்கும் வரியைப் பாதியாக்கிவிடலாம். ஆனால் ஒவ்வொரு விலக்குக்கும் பின்னால் ஓர் ஆள் இருந்தார். அந்த ஆளுக்கு, தான் எதை இழக்கப்போகிறோம் என்று துல்லியமாகத் தெரியும். பிரதமரை நேரில் பார்க்கவும் அவரால் முடியும். சோப்பு வாங்குகிறவர்களுக்கு இது இரண்டுமே இல்லை.

மசோதா வாக்கெடுப்புக்கு வரவிருந்த மாதத்தில் ஒரு காலை, ஆளுங்கட்சிக் கொறடா அவருடைய அறைக்கு வந்தார். உறுப்பினர்களைக் கட்டி மேய்த்து, வாக்கெடுப்பு நாளில் அத்தனை பேரையும் கொண்டுவந்து நிறுத்துவது கொறடாவின் வேலை. பெரிய சரீரம், நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதை ஒருமுறை அசைத்துப் பார்ப்பார். அன்றைக்கு உட்காரவே இல்லை.

"கூட்டணிக்காரங்க விஷயம் முடிஞ்சது, டாக்டரம்மா. கப்பல் முதலாளிகளுக்கு விலக்கு தொடரும்னு நீங்க ஒத்துக்கிட்டதும் அவங்க வாயைத் திறக்கல. நம்ம ஆளுங்கதான் இப்ப இழுக்கறாங்க."

"யாரு?"

கொறடா ஜன்னலைப் பார்த்தார்.

"யாருன்னு கேட்டேன்."

"உங்க தம்பிதான். அவரோட சேர்ந்து இன்னும் நாலு பேர். அவர் வந்தா அவங்களும் வருவாங்க. அவர் வரலைன்னா மசோதா தேறாது."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். தம்பி இரண்டாவது முறையாக உறுப்பினராக இருந்தான். அவனுடைய தொகுதி மர வேலைக்குப் பேர் போன ஊர். கதவு, கட்டில், நாற்காலி, பள்ளிக்கூட பெஞ்சு எல்லாம் அங்கேயிருந்துதான் வரும். சிறு பட்டறைகளுக்கு வரி கிடையாது என்ற விலக்கில்தான் அந்த ஊரே நின்றுகொண்டிருந்தது. போதாததற்கு, தம்பியின் மாமனாருக்கே அங்கே பட்டறை இருந்தது.

"நானே போய்ப் பேசறேன்" என்றார்.

"நீங்க போகாம இருந்தா நல்லதுன்னு நினைச்சேன்" என்றார் கொறடா. "வீட்டு விஷயம் ஆயிடும். ஆனா வேற வழியும் தெரியல."

அந்த வார இறுதியிலேயே அவர் போனார். தம்பி ரயில் நிலையத்துக்கு வந்திருந்தான். அக்காவின் பையை வாங்கிக்கொண்டான். வழியெல்லாம் குழந்தைகளின் படிப்பைப் பற்றியே பேசினான். வீட்டுக்குப் போகாமல் நேரே மாமனாரின் பட்டறைக்குக் காரை விட்டான். "முதல்ல பாரு. சாயங்காலம் மண்டபத்துல கூட்டம் இருக்கு, அப்புறம் பேசலாம்" என்றான்.

பெரிய தகரக் கொட்டகை. வாசலில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஏழு பெயர்ப் பலகைகள். மாமனார் வேலை செய்துகொண்டிருந்த கையோடு, முழங்கை வரை மரத்தூளோடு, வெளியே வந்தார்.

"வாங்கம்மா, வாங்க. அமைச்சரா வந்தீங்களா, சம்பந்தி வீட்டுப் பொண்ணா வந்தீங்களா?"

"இன்னும் முடிவு பண்ணல, மாமா."

"அப்ப ரெண்டு பேருக்கும் சேர்த்தே சுத்திக் காட்டிடறேன்."

உள்ளே சிமெண்டுத் தரையில் வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தன. மாமனார் ஒரு கோட்டின் மேல் நின்றுகொண்டு கையை நீட்டினார்.

"இந்தப் பக்கம் மரம் அறுக்கறது, அது என் கம்பெனி. அந்தப் பக்கம் இழைக்கறது என் சம்சாரம் கம்பெனி. அதோ அந்த மூலை மச்சினன் கம்பெனி. பாலீஷ் போடறது என் மாமியாரோட கம்பெனி."

"அவங்க எங்க?"

"வீட்ல படுத்த படுக்கையா இருக்காங்க. கம்பெனி அமோகமா நடக்குது."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். மாமனார் அடக்கவில்லை, வாய்விட்டுச் சிரித்தார். ஒரு நாற்காலி அந்தக் கொட்டகையைவிட்டு வெளியே போவதற்குள் நாலு தடவை விற்று நாலு தடவை வாங்கப்படுகிறது என்றார். எல்லாம் தாளில்தான். நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கும்.

"ஒரே கம்பெனியா வச்சுக்கிட்டா வேலை சுலபமா இருக்காதா, மாமா?"

"இருக்கும். ஆனா பெரிய கம்பெனின்னா வரி வந்துருமே. வளந்தா வரி. அதனால வளராம இருக்கக் கத்துக்கிட்டோம்." சிரிப்பு குறைந்திருந்தது. "வெளிநாட்டுலேர்ந்து கதவு வருது பாருங்க, நம்ம விலையில முக்கால்வாசிக்கு. அவங்ககிட்ட பெரிய மெஷின் இருக்கு. நான் அதை வாங்கினா எந்தக் கம்பெனி பேர்ல வாங்கறது? மாமியார் பேர்லயா?"

"அப்ப இந்த விலக்கு உங்களுக்கே நல்லது இல்லைன்னு தெரியுதில்ல?"

"தெரியுது. அதுக்காக நாளைக்கே எடுத்துட்டா நாளன்னைக்குப் பட்டறை இருக்காது. அதுவும் தெரியுது."

அறுவை மெஷின் பக்கத்தில் ஒருவர் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நடுத்தர வயது. வலது கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன. டாக்டரம்மா அவரோடு பேச்சுக் கொடுத்தார். மெஷினில் போனது என்றார். நஷ்ட ஈடு கிடைத்ததா என்று கேட்டதற்கு மாமனாரைப் பார்த்தார். மாமனார் வேறு பக்கம் நகர்ந்துகொண்டார்.

"முதலாளி ஆஸ்பத்திரிச் செலவு பாத்தாரும்மா. நஷ்ட ஈடு எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானாமே. நான் வேலை பாத்த கம்பெனில மொத்தமே ரெண்டு ஆள்தான் கணக்கு."

டாக்டரம்மாவுக்கு மனம் துள்ளியது. யாருக்காக இந்தச் சட்டம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதோ ஆள் எதிரிலேயே நிற்கிறார். விலக்கு போனால் இந்தக் கோடுகள் எல்லாம் அழிந்துவிடும், ஏழும் ஒரே கம்பெனியாகும், அப்போது அவருக்குக் காப்பீடு உண்டு, நஷ்ட ஈடு உண்டு என்று பொறுமையாக விளக்கினார். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க" என்றார் கடைசியில். "ஆனா வரி போட்டா ஷெட்டை மூடிருவாங்கன்னு சொல்றாங்களே. மூணு விரலை வச்சுக்கிட்டு நான் வேற எங்கம்மா போய் வேலை கேக்கறது? சாயங்காலம் கூட்டத்துக்கு நானும் வரேன். உங்களை எதிர்த்துத்தான் கத்தப் போறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

சொன்னபடியே வந்து கத்தினார். நகராட்சி மண்டபம் நிரம்பி வழிந்தது. பட்டறைக்காரர்கள், லாரிக்காரர்கள், மர வியாபாரிகள், வேலையாட்கள். டாக்டரம்மா பேச எழுந்தபோது பின் வரிசையிலிருந்து ஒருவர் மாடு மாதிரி கத்தினார். மண்டபம் அதிர்ந்தது. டாக்டரம்மா ஒரு வழியாகப் பேசி முடித்தார். இந்தச் சட்டத்தால் யாருக்கு லாபமோ அவர்களில் ஒருவர்கூட அந்த மண்டபத்தில் இல்லை என்பது பேசும்போதே அவருக்கு உறைத்தது. ஒரு சோப்புக்கட்டியில் மிச்சமாகும் சில்லறைக்காக யார் வேலையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வருவார்கள்? இழக்கப்போகிறவர்கள் மொத்தமாக வந்திருந்தார்கள். பெறப்போகிறவர்கள், பெறப்போகிறோம் என்பதே தெரியாமல் வீட்டில் இருந்தார்கள்.

தம்பி மேடையில் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். ஆதரித்தும் பேசவில்லை, எதிர்த்தும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவனே தேநீர் போட்டான். மனைவியும் பிள்ளைகளும் வேண்டுமென்றே வெளியே போயிருந்தார்கள். அக்கா சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"மேடையில பொம்மை மாதிரி உக்காந்திருந்தியே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்ன சொல்லச் சொல்ற? நீ எழுதினது சரிதான். எனக்குத் தெரியாதா? மாமாவுக்கே தெரியும். அதை அந்த மண்டபத்துல சொல்லியிருந்தா என் சட்டை மிஞ்சியிருக்காது."

"சட்டை போனா போகட்டும்னு நினைக்கறவங்கதான்டா அரசியலுக்கு வரணும்."

"சட்டைக்குள்ள நான் இருக்கேன்க்கா."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இளகியதை வைத்துக்கொண்டு தம்பி விஷயத்துக்கு வந்தான்.

"எங்களுக்கு விலக்கு வேண்டாம். அவகாசம் குடு. அஞ்சு வருஷம். கொஞ்சம் கொஞ்சமா வரியை ஏத்து. அதுக்குள்ள கம்பெனிகளைச் சேத்துக்கட்டும், மெஷின் வாங்கட்டும். இந்த ஒரு பிரிவைச் சேத்தா நான் கை தூக்கறேன். நாலு பேரையும் கூட்டிட்டு வரேன்."

அவன் கேட்டது நியாயம்தான் என்று அக்காவுக்குத் தெரிந்தது. துறை அதிகாரி ஒருவரும் முன்பு இதையே சொல்லியிருந்தார். ஆனால் மறுநாள் பத்திரிகைகளில் என்ன வரும் என்பது அதைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அமைச்சரின் தம்பிக்குச் சலுகை. சம்பந்தி பட்டறைக்குச் சலுகை. எதிர்க்கட்சியில் இடி என்று பட்டப்பெயர் வாங்கிய ஒருவர் இருந்தார். அவர் எழுந்து நின்று அவையின் கூரை பறக்கப் பேசுவார்.

"முடியாதுடா" என்றார். "உனக்குக் குடுத்தா எல்லாரும் வரிசையில நிப்பாங்க."

"கப்பல்காரனுக்குக் குடுத்தல்ல?"

"அது வேற. கூட்டணி உடைஞ்சிருக்கும்."

"அவன் மிரட்டினான், குடுத்த. நான் கேட்டேன், இல்லைங்கற." தம்பி அடுப்பை அணைத்தான். "நான் உன் தம்பியா இல்லாம இருந்தா குடுத்திருப்ப."

அக்கா கோபமாகத்தான் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்பது பிறகு இருவருக்குமே நினைவில் இல்லை. தேநீர் குடிக்காமலே ஆறிப்போனது. அன்றைக்கே கடைசி ரயிலைப் பிடித்தார். தம்பிதான் கொண்டுபோய் விட்டான். பையைத் தூக்கிக் கொடுத்தான். வண்டி கிளம்பும்வரை நின்றான்.

கொறடாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அவகாசம்தானே கேக்கறார்? குடுத்துட்டுப் போங்களேன், டாக்டரம்மா. பிரதமருக்கும் ஆட்சேபணை இருக்காது."

"ஊர் என்ன பேசும்?"

"மசோதா தோத்தா மட்டும் ஊர் வாயை மூடிக்குமா?"

டாக்டரம்மா அசையவில்லை. இதற்குள் கப்பலுக்குக் கொடுத்த விலக்கு வெளியே கசிந்திருந்தது. சிமெண்ட் ஆலைக்காரர்கள் வந்தார்கள். தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்கள். எல்லோரும் வந்து உட்கார்ந்து சொன்ன முதல் வாக்கியம் ஒன்றுதான்: கப்பலுக்குக் கொடுத்தீர்களே. அவரிடம் அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாததாலேயே ஒவ்வொருவரிடமும் முன்பைவிடக் கறாராக நடந்துகொண்டார்.

வாக்கெடுப்பு நாளில் அவைத் தலைவர் உறுப்பினர்களைப் பிரியச் சொன்னார். ஆதரிக்கிறவர்கள் வலப்பக்கக் கதவு வழியாக வெளியே போய்ச் சுற்றி வர வேண்டும், எதிர்க்கிறவர்கள் இடப்பக்கம். தம்பி எழுந்தான். அக்கா இருந்த முன் வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். கடக்கும்போது ஒரு நொடி நின்றான். பிறகு இடப்பக்கம் போனான். நாலு பேர் பின்னாலேயே போனார்கள். மசோதா விழுந்தது. எதிர்வரிசையில் மேசைகளைத் தட்டினார்கள். இடி எழுந்து, இந்த மக்கள் விரோதச் சட்டம் இன்றோடு மண்ணோடு மண்ணாகப் போனது என்று முழங்கினார்.

தம்பியைக் கட்சி நீக்கவில்லை. அந்த ஊரில் ஜெயிக்க அவனைவிட்டால் ஆள் இல்லை.

அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அதற்குள் தேர்தல் வந்தது. ஆட்சி போனது. டாக்டரம்மா தன் தொகுதியில் தப்பிப் பிழைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். தம்பி முன்பைவிட அமோகமாக ஜெயித்தான். எதிர்வரிசையில் இப்போது அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் முன் வரிசையில், அவன் இரண்டு வரிசை தள்ளி. பெரியம்மா இறந்தபோது ஒரே வீட்டில் நாள் முழுக்க இருக்க வேண்டியதாயிற்று. யார் யாருக்குத் தகவல் சொல்வது என்பதில் பேச்சுத் தொடங்கியது. அதன் பிறகு மற்றதெல்லாம் பேசினார்கள், மசோதாவைத் தவிர.

தனியாக இருக்கும்போது அவர் அந்தச் சமையலறையை நினைத்துக்கொள்வார். தம்பியாக இல்லாமல் இருந்தால் கொடுத்திருப்பாயே என்று அவன் சொன்னதை எத்தனையோ விதமாக மறுத்துப் பார்த்திருக்கிறார். நேர்மையாக இருக்கிறோம் என்றுதான் அப்போது நினைத்தார். நேர்மையாகத் தெரிய வேண்டும் என்று இருந்திருக்கிறோம், அவ்வளவுதான் என்று இப்போது தோன்றியது. கப்பல்காரர்களிடம் பயந்தது ஒரு பயம். பத்திரிகைக்குப் பயந்து நியாயமான ஒன்றை மறுத்தது இன்னொரு பயம். முதலாவதை மட்டும்தான் அவர் விட்டுக்கொடுத்தல் என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

புதிய ஆட்சியில் இடிதான் நிதியமைச்சர். பொறுப்பேற்று ஒரு வருஷம் ஆனபோது, நாடாளுமன்றச் சிற்றுண்டிச்சாலையில் டாக்டரம்மா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைக்குத் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவையில் முழங்குகிற அந்தக் குரல் வெளியே அவ்வளவு மெதுவாக இருக்கும் என்று பலருக்குத் தெரியாது.

"உக்காரலாமா, டாக்டரம்மா?"

"அரசாங்கம் உங்களோடது. நாற்காலியும் உங்களோடதுதான்."

அவர் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உங்க மசோதாவைக் கொண்டுவரப் போறேன்" என்றார்.

டாக்டரம்மா சாப்பிடுவதை நிறுத்தினார்.

"வேற பேர் வச்சிருக்கேன். அங்கங்க வார்த்தையை மாத்தியிருக்கேன். மத்தபடி நீங்க எழுதினதுதான். கஜானா காலி. இதைவிட்டா வேற வழி இல்லைன்னு அந்த நாற்காலில உக்காந்த மூணாவது மாசமே புரிஞ்சு போச்சு."

"மண்ணோடு மண்ணாப் போச்சுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். நல்லா சொன்னேன்ல?"

"அப்ப எதுக்கு எதிர்த்தீங்க?"

"அப்ப அது உங்க மசோதா" என்றார் இடி, குழந்தைக்குச் சொல்வது போல. கேலியாகச் சொல்லவில்லை. அதனால் டாக்டரம்மாவால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

பட்டறைகளுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். ஐந்து வருஷ அவகாசம் என்றார் இடி. வரி படிப்படியாக ஏறும். கம்பெனிகளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறவர்களுக்கு அந்தக் காலத்தில் சலுகை உண்டு. "உங்க தம்பி மாதிரி ஆளுங்க ஊர்ல பதில் சொல்லணுமே" என்றார். டாக்டரம்மா டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

"என் ஆளுங்கள்ல சில பேர் காலை வாருவாங்க" என்றார் இடி. "உங்க பக்கத்துலேர்ந்து கொஞ்சம் பேர் வந்தாத்தான் கரையேற முடியும். நீங்க வந்தா வேற ரெண்டு மூணு பேருக்கும் தைரியம் வரும். என்ன வேணும் சொல்லுங்க."

"கப்பல் விலக்கை எடுத்துடுங்க."

"அது நீங்களே குடுத்ததாச்சே!"

"அதனாலதான் கேக்கறேன்."

இடி தட்டைப் பார்த்தபடி யோசித்தார். கப்பல்காரர்களின் கட்சி இப்போது அவருடைய கூட்டணியில் இல்லை. ஆனால் நாளைக்கே வரலாம். "பாக்கறேன்" என்று எழுந்து போனார். அடுத்த வாரம் மசோதா அச்சாகி வந்தபோது டாக்டரம்மா, விலக்கு தொடரும் தொழில்களின் பட்டியலைத்தான் முதலில் புரட்டினார். கப்பல் இல்லை.

விஷயம் கொறடாவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? இப்போது எதிர்க்கட்சிக் கொறடாவாகிவிட்ட அதே மனிதர், அதே பெரிய சரீரத்தோடு வந்து, நாற்காலியை அசைத்துப் பார்த்து உட்கார்ந்தார்.

"கட்சி எதிர்த்து ஓட்டுப் போடப் போகுது, டாக்டரம்மா."

"நான் எழுதினதை நானே எதிர்க்கணுமா?"

"அவங்க கொண்டுவராங்க இல்ல? அப்ப அவங்களோடது."

"போன தடவை இதுக்காக ஒவ்வொருத்தர் வீட்டு வாசலா ஏறி இறங்கினீங்களே. உங்க கால்லதானே செருப்பு தேஞ்சுது?"

"தேஞ்சுது. இந்தத் தடவை எதிர்ப்பக்கம் தேயப்போகுது." அவர் முகம் வாடியிருந்தது. "எனக்கு மட்டும் சந்தோஷமா? நீங்க அந்தப் பக்கம் போனா நீக்கிடுவாங்க. தம்பிக்குக் கிடைச்ச மன்னிப்பு உங்களுக்குக் கிடைக்காது. உங்க தொகுதில நிக்க ஆள் வரிசையில காத்திருக்கு."

"தெரியும்."

"தம்பிகிட்ட பேசினீங்களா?"

"இல்லை. பேச மாட்டேன். போன தடவை பேசினது போதும்."

தம்பியும் வந்து எதுவும் கேட்கவில்லை. வாக்கெடுப்புக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட வந்தான். அவன் பெண் கணக்கில் தோற்றுவிட்டாள் என்பதைப் பற்றியே பேச்சு நடந்தது. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உடம்பைப் பாத்துக்கோக்கா" என்றான். "நீயும்டா" என்றார்.

மறுபடியும் அவைத் தலைவர் பிரியச் சொன்னார். டாக்டரம்மா எழுந்து வலப்பக்கம் நடந்தார். சொந்தக் கட்சி வரிசையிலிருந்தே கூச்சல் கிளம்பியது. ஒருவர் மாடு மாதிரி கத்தினார். டாக்டரம்மாவுக்கு, மாடு இப்படிக் கத்தாது என்று தோன்றியது. அந்த நேரத்தில் இது எதற்குத் தோன்றுகிறது என்றும் தோன்றியது. கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தார். அவர் கட்சியைச் சேர்ந்த மூன்று பேர் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். தம்பி இடப்பக்கக் கூட்டத்தோடு நடந்துகொண்டிருந்தான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவனும் வருவான் என்று அவர் உள்ளுக்குள் கொஞ்சம் எதிர்பார்த்திருந்தார். கதவைத் தாண்டி வெளியே போனார்.

மசோதா நூலிழையில் நிறைவேறியது.

வெளியே படிகளில் பத்திரிகைக்காரர்கள் இடியைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். டாக்டரம்மா பக்கவாட்டுப் படிகளில் இறங்கினார். தம்பி அங்கே தூண் நிழலில் நின்றுகொண்டிருந்தான்.

"கோபமாக்கா?"

"இல்லடா. ஆனா நீ கேட்ட அவகாசம் அதுல இருந்துதே. அப்புறமும் ஏன்?"

"அதைப் படிச்சேன். நல்லாத்தான் இருக்கு." தம்பி படியில் உட்கார்ந்தான். அக்காவும் உட்கார்ந்தார். "நான் உன் பின்னால வந்திருந்தா ஊர்ல என்ன சொல்வாங்க தெரியுமா? அக்கா கூப்பிட்டா, தம்பி போயிட்டான்னு. அதுக்கப்புறம் நான் சொல்ற ஒரு வார்த்தையையும் எவனும் காதுல வாங்க மாட்டான். சட்டம் பாஸாயிடுச்சு. சரி. நாளைக்கு அந்த ஊர்ல யாராவது போய் உக்காந்து, இதை எப்படிச் சமாளிக்கலாம்னு சொல்லணுமில்ல? எதிர்த்து ஓட்டுப் போட்டவன் சொன்னாத்தான் கேப்பாங்க."

"இதை முன்னாடியே யோசிச்சியா, இப்ப எனக்காகச் சொல்றியா?"

"பாதி யோசிச்சேன். பாதி பயம்" என்றான்.

அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவன் தோளில் கையை வைத்தார். "அன்னைக்கு உங்க வீட்ல நீ சொன்னது சரிடா" என்றார். "வேற யாராவது கேட்டிருந்தா குடுத்திருப்பேன்." தம்பி தலையை ஆட்டினான். ஜெயித்த முகம் எதுவும் காட்டவில்லை.

அந்த வாரமே டாக்டரம்மாவைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். பின்னால் வந்த மூன்று பேரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். நீக்கிய கடிதத்தைக் கொறடா தபாலில் அனுப்பாமல் தானே கொண்டுவந்து கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அடுத்த தேர்தலில் டாக்டரம்மா சுயேச்சையாக நின்று தோற்றார். இடியின் கட்சியும் தோற்றது. புதிதாக வந்தவர்கள், அந்தச் சட்டத்தைக் கிழித்துப் போடுவோம் என்று சொல்லித்தான் வந்தார்கள். வந்தபின் அதைத் தொடவில்லை.

தம்பி சொன்னபடி செய்தான். பட்டறை பட்டறையாகப் போய் உட்கார்ந்தான். முதல் வருஷம் அவனையும் திட்டினார்கள். அதற்குப் பிறகு தேநீர் கொடுத்துத் திட்டினார்கள். அக்காவைப் பார்க்க வரும்போதெல்லாம் ஊர்ச் செய்தி கொண்டுவருவான். அப்படி ஒருமுறை வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார்:

"மாமா என்ன பண்றார்?"

"ஏழையும் சேத்து ஒண்ணாக்கிட்டார். மச்சினன் மட்டும் சண்டை போட்டுக்கிட்டுத் தனியாப் போயிட்டார். பெரிய மெஷின் வந்திருக்கு. அதனால நாலு பேருக்கு வேலை போச்சு."

"அந்த விரல் போனவர்?"

"இருக்கார். அவர் பேர் இப்ப ஒழுங்கா ஏட்டுல இருக்கு. ஆனா பக்கத்துத் தெருவுல ரெண்டு பட்டறை மூடிட்டாங்க. அதுல வேலை பாத்தவங்க எங்க போனாங்கன்னு தெரியல. என்னைப் பாத்தா சில பேர் முகத்தைத் திருப்பிக்கறாங்க."

"அப்ப இது நல்லதா ஆச்சா, கெட்டதா ஆச்சா?"

"எனக்குத் தெரியலக்கா. சோப்பு விலை குறைஞ்சிருக்குன்னு என் பொண்டாட்டி சொல்றா. எதனாலன்னு அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, அப்ப எதுக்கு எதிர்த்து ஓட்டுப் போட்டீங்கன்னு கேப்பா."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, மூடிய அந்த இரண்டு பட்டறைக்காரர்களின் முகவரி கிடைக்குமா என்று கேட்டார். எதற்கு என்றான் தம்பி. சும்மா போய்ப் பார்க்கலாமே என்றார்.

"திட்டுவாங்க."

"திட்டட்டும். நீயும் வா."

தம்பி தட்டில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தான். "அடுத்த வாரம் போலாம்" என்றான்.